தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு நாட்டில், பெற்றோர் பிள்ளைகளைச் சரியாகக் கவனிக்கிறார்களா என்று சுவரில் இருந்தபடியே பார்த்துச் சொல்லும் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார்கள். பிள்ளை அழுதால் யார் ஓடி வருகிறார்கள், எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள், வந்து என்ன சொல்கிறார்கள், தூக்கினார்களா, முகம் பார்த்தார்களா, கொஞ்சினார்களா என்று எல்லாவற்றையும் கவனித்து, நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் 'அக்கறை எண்' போடும். அந்தக் கருவி வந்த பிறகு அந்த நாட்டில் கவனிப்பாரற்ற பிள்ளைகள் பாதியாகக் குறைந்துவிட்டதாக ஆராய்ச்சி நிரூபித்திருந்தது. ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது என்றால் அதற்குப் பிறகு நம் ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. உப்பூரணிக்கும் அந்தக் கருவி வந்து சேர்ந்தது.

வருவதற்கு முன் அதை நம் மண்ணுக்கு ஏற்றபடி மாற்ற ஒரு குழு போட்டார்கள். குழு பலமுறை கூடி, பலமுறை முந்திரிப்பருப்பு தின்று, கருவியின் மேல் இருந்த கரடிப் படத்தை எடுத்துவிட்டு மயில் படம் ஒட்டியது. 'தாயுள்ளம்' என்று பெயர் வைத்தது. 'குழந்தையின் பனிக்காலணி ஈரமில்லாமல் இருக்கிறதா' என்ற கேள்வியையும் எடுத்துவிடப் பார்த்தார்கள். எடுத்தால் ஆராய்ச்சி செல்லாது, மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று பனிநாட்டுக் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. பனியை மட்டும் எடுத்துவிட்டுக் காலணியை விட்டுவைத்தார்கள். உப்பூரணியில் தவழும் பிள்ளைகளுக்குக் காலணி போடுகிறவர் யாரும் இல்லை. அதனால் அந்தக் கேள்விக்கு ஊரே முழு மதிப்பெண் வாங்கியது. இல்லாத காலணி எப்படி நனையும்?

கருவி உள்ளங்கை அகலம்தான். சாம்பல் நிறம். சுவரில் ஒட்டிக்கொண்டு, எதையாவது குறித்துக்கொள்ளும் போதெல்லாம் 'ச்ச், ச்ச்' என்று சத்தம் போடும். அதனால் ஊரில் அதற்குப் பல்லி என்றே பேராகிவிட்டது. அது எந்தத் திசையில் இருந்து சத்தம் போட்டது என்று பார்த்து, நாள்காட்டியின் பின்பக்கத்தில் பலன் தேடியவர்களும் உண்டு. மயிலை யாரும் கவனிக்கவில்லை.

பல்லிக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக, அதில் எல்லாப் பதிவும் வாய்ப்பேச்சுதான். யார் வேண்டுமானாலும் பல்லியைப் பார்த்துப் பிள்ளையின் பெயரையும் பாதுகாவலரின் பெயரையும் சொன்னால் போதும். இரண்டாவது, பதிவான பிள்ளையின் சத்தம் வெகுநேரம் கேட்காவிட்டால் அது சும்மா இருக்காது. பாதுகாவலருக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கும். பனிநாட்டில் பிள்ளைகளைக் காருக்குள் மறந்துவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்களாம்.

உப்பூரணி என்பது, கடலோரத்தில் குடிசை போட்டிருந்தவர்களை எடுத்து, நான்கு மாடிகளில் அடுக்கிவைத்த குடியிருப்பு. எல்லா வசதியும் உண்டு. சுகாதார நிலையத்துக்குக் கட்டடம், பெயர்ப்பலகை, கதவு, பூட்டு எல்லாம் இருந்தன. டாக்டர் மட்டும் பின்னால் வருவார் என்றார்கள். குழாயில் தண்ணீரும் வரும். வழியில் சாக்கடையோடு கொஞ்ச நேரம் பேசிப் பழகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும்.

அந்தக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்தாள் உலகம்மாள். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. அவளுக்கு முதலில் ஒரு பெண்ணும் அடுத்து ஓர் ஆணும் பிறந்தார்கள். பெண் போனது காய்ச்சலில். அன்றைக்குச் சுகாதார நிலையத்தின் பூட்டு நல்ல நிலையில் இருந்தது. ஆண் போனது குழாய்த் தண்ணீரில். வாந்தியும் பேதியுமாக இரண்டாம் நாளே முடிந்துவிட்டது. அப்போதும் அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. இரண்டு பேர் வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாளா என்று அவளிடம் விசாரித்து, கை கழுவும் முறையைப் படத்தோடு விளக்கும் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று அந்தப் படத்தில் இல்லை.

இரண்டு பிள்ளைகளுக்கும் வாய் நிறையச் சொல்லும்படியான பெயர்களை வைத்திருந்தாள். ஊரே திரும்பிப் பார்க்கும்படி கொஞ்சியிருந்தாள். பிறகு அந்தப் பெயர்களைச் சொல்வது அந்த வீட்டில் நின்றுபோயிற்று.

மூன்றாவது பெண். தீட்டுக் கழிந்த அன்று பிள்ளையை முறத்தில் வைத்துக் கொண்டுபோய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வீட்டு மிக்கேலம்மாள், மீன் யாவாரம் செய்கிறவள், தற்செயலாக வருகிறவள் மாதிரி வந்தாள்.

"யாரு பிள்ள இது, குப்பையில கெடக்கு?"

"தெரியலியே. யாரோ போட்டுட்டுப் போயிட்டாவ."

"ஆக்கங்கெட்டதாட்டும் இருக்கு. ஒரு படி தவிடு தாரேன், எடுத்துக்கிடவா?"

"எடுத்துக்கோ. எனக்கென்ன?"

மிக்கேலம்மாள் தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை எடுத்தாள். நாலு எட்டு நடந்து திரும்பினாள். "எனக்கு மீன் யாவாரம் கெடக்கு. இத நீயே வளத்துத் தா, என்ன?" என்று உலகம்மாள் கையில் கொடுத்தாள். அத்தோடு காரியம் முடிந்தது. பிள்ளைக்குக் குப்பம்மாள் என்று பெயர். அது உலகம்மாளின் பிள்ளை இல்லை. இன்னொருத்தி குப்பையில் எடுத்தது. எமன் வந்து உலகம்மாளின் பிள்ளை எங்கே என்று கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை. ஏமாற்றித் திருப்பி அனுப்பிவிடலாம்.

அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ளவும் வேண்டும் அல்லவா? தெருவில் வைத்துக் கொஞ்சுவதில்லை. தூங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. "சவத்து மூதி", "கரிமுடிவா", "பேதில போவா" என்பவைதான் கூப்பிடும் பெயர்கள். பாலைக் கொடுக்கும்போதும் "குடிச்சுத் தொலட்டி" என்றுதான் சொல்வாள். சொல்லிக்கொண்டே, தண்ணீரைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, மறுபடி காய்ச்சி ஆற்றுவாள்.

இந்த நிலையில்தான் அவர்கள் வீட்டுச் சுவரில் பல்லியை ஒட்ட வந்தான் கிளாட்சன். கம்பெனி ஆள், மூன்று மாவட்டத்துப் பல்லிகளுக்கும் அவன்தான் பொறுப்பு.

"எக்கா, பல்லிட்டப் பதிவு சொல்லுங்க."

பல்லி வானொலிக் குரலில், "வணக்கம். குழந்தையின் பெயர்?" என்றது.

"குப்பு."

"முதன்மைப் பாதுகாவலரின் பெயர்?"

"மிக்கேலம்மா."

"அது யாருக்கா?"

"அடுத்த வீட்டுக்காரி. தவிட்டுக்கு வாங்கினவ."

"வெளையாடாதீய. பெத்தவ பேரச் சொல்லுங்க" என்று கிளாட்சன் தானே "உலகம்மாள்" என்று சொல்லிவிட்டான். 'ச்ச்' என்றது பல்லி. அந்த ஒரு நிமிடம் அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

உலகம்மாளின் அக்கறை எண் பதினொன்று வந்தது. நாற்பதுக்குக் கீழே என்றால் ஆபத்து. அந்த வட்டாரத்திலேயே அதுதான் குறைந்த எண். திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் தமயந்தி, கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தாள். படித்தவள், இரக்கம் உள்ளவள். ஒரு வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள்.

"உலகம்மா, நீங்க குழந்தையை ஒரே நாள்ல எத்தனை தடவை 'சவத்து மூதி'ன்னு சொல்லியிருக்கீங்க தெரியுமா? 'இது எம்பிள்ள இல்ல'ன்னுகூட சொல்லியிருக்கீங்க. குழந்தை தூங்கறப்ப ஒரு தடவைகூட அது முகத்தைப் பாக்கலை."

"தூங்குத பிள்ளயப் பாக்கக் கூடாதுல்லா."

"ஏன்?"

வாசலில் மீன்கூடையை இறக்கிக்கொண்டிருந்த மிக்கேலம்மாள் குறுக்கே புகுந்து கேட்டாள்: "ஒங்களுக்கு எந்த ஊரும்மா?"

"கோயம்புத்தூர்."

"அங்க பிள்ளைய சாவாதோ?"

தமயந்தி பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். பிறகு, "ஒரு தடவை திட்டினா அஞ்சு தடவை பாராட்டணும். இது நாங்களா சொல்றது இல்லைங்க, ஆராய்ச்சி" என்றாள்.

"எங்க வீட்டு ஆளு என்னய அஞ்சு வார்த்த பாராட்டுனாம்னு வைங்க, ஒடனே ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டு ஓடிருவேன். மண்டையில என்னமோ ஆயிட்டுன்னு" என்றாள் மிக்கேலம்மாள்.

ஊரில் மற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் ஒரே வாரத்தில் பல்லியைப் புரிந்துகொண்டார்கள். பாராட்டு வார்த்தைகளைச் செல்போனில் பதிந்து, பல்லிக்கு அடியில் ஓடவிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். உப்பூரணி முழுக்க நாள் பூராவும் "மகனே, உன் முயற்சியைப் பாராட்டுகிறேன்" என்று பாராட்டு மழை பெய்தது. மூன்றாம் மாடியில் ஒருவர் சாயங்காலம் குடித்துவிட்டு வந்து, பெண்டாட்டியை அடித்துவிட்டு, மறக்காமல் பல்லிக்கு முன்னால் நின்று மகளிடம் "நீ எங்கள் வீட்டின் ஒளி" என்று சொல்லிவிட்டுப் படுப்பார். அவருடைய அக்கறை எண் தொண்ணூற்றிரண்டு.

உலகம்மாளின் புருஷன் மாடக்கண்ணு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வடிகட்டி கழுவுகிறவன். அவனும் சொல்லிப் பார்த்தான். "ஏட்டி, நாமளும் செல்லுல போட்டு விட்டா என்ன? பல்லிக்குச் செல்லு பேசுதா, ஆளு பேசுதான்னு தெரியவா போகுது?"

"பல்லிக்குத் தெரியாது. எமனும் கேப்பாம்லா. அவனுக்குச் செல்லுன்னு தெரியுமா?"

கேட்கிறவர்கள் இரண்டு பேர், சுவர் ஒன்று. பிள்ளைமேல் பாசம் இருக்கிறது என்று ஒருவருக்குக் காட்ட வேண்டும். இல்லை என்று இன்னொருவரை நம்பவைக்க வேண்டும். அரசாங்கத்தை ஏமாற்றினால் ஒரு நோட்டீஸோடு போகும்.

ஆனாலும் தமயந்தி பெற்றோருக்கு நடத்திய வகுப்பில் ஒரு நாள், எல்லாரும் பார்க்க, உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "நீ ரொம்ப அழகு" என்று குப்புவிடம் சொல்லிவிட்டாள். வகுப்பு கைதட்டியது. அன்று சாயங்காலமே பிள்ளைக்கு உடம்பு சுட்டது. உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டாள். நெடி சுவர் ஏறியது. பிள்ளை இருக்கும் அறையில் நச்சுப்புகை என்று பல்லி எழுதிக்கொண்டது. பதினொன்று ஏழாயிற்று.

'ஆதரவு' வழங்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்ப் பரிவு இல்லம் என்ற அரசுக் காப்பகத்தில் வைப்பதற்கு அந்தத் திட்டத்தில் ஆதரவு என்று பெயர்.

அறிவிப்பைக் கொண்டுவந்த தமயந்தியிடம்தான் உலகம்மாள் முதல் இரண்டு பிள்ளைகளைப் பற்றியும், மூன்றாவதைத் தவிட்டுக்கு விற்றதைப் பற்றியும் சொன்னாள். அழவில்லை. அரிசி விலை சொல்வது போலச் சொன்னாள்.

தமயந்தி, "தவிட்டுக்கு வித்துட்டா எமன் நம்பிருவானா?" என்று கேட்டாள்.

"நம்புதானோ, நம்பலியோ. எனக்கு மிச்சம் கெடக்கது இது ஒண்ணுதான மேடம்."

தமயந்தி சென்னைக்குப் போய்க் குழுவின் முன் பேசினாள். குழு இதற்காகவே காத்திருந்தது போலத் துள்ளியது. மயில் ஒட்டியதோடு முடிந்துவிட்டதே என்ற மனக்குறை அவர்களுக்கும் இருந்தது. இது அசல் பண்பாட்டுத் தழுவல். வெளிநாட்டு மாநாட்டில் படம் போட்டுக் காட்டலாம். திட்டத்தை நடத்தும் அரசுத் துறையின் இயக்குநர் மேசையைத் தட்டிச் சொன்னார்: "வாங்கறது பக்கத்து வீட்டுக்காரியா இருந்தா என்ன, நம்ம துறையா இருந்தா என்ன? நாமே வாங்குவோம்! பாதுகாவலர் இடத்துல துறை பேரைப் போட்டா, அந்தம்மா எண்ணே கணக்குல வராதே!"

அப்படியாக உப்பூரணி சமுதாயக் கூடத்தில் பந்தல் போட்டு விழா நடந்தது. தவிட்டுக்கு டெண்டர் விட்டதில் கொஞ்சம் தாமதம். துறையின் முத்திரை அச்சிட்ட பையில், மயில் படத்தோடு, முதல்தரத் தவிடு வந்தது. இயக்குநரே பிள்ளையைக் கையில் வாங்கினார். கிளாட்சன் உலகம்மாள் வீட்டுப் பல்லியிடம் போய்த் துறையின் பெயரைப் புதிதாகச் சொல்லிப் பதிந்தான். உலகம்மாள் இனிமேல் 'அருகில் உள்ள பெரியவர்'.

அவளுக்கும் திருப்திதான். "மிக்கேலம்மா பிள்ளைன்னா எமன் ஒருவேள சந்தேகப்படுவான். கவுருமெண்டுப் பிள்ளைன்னா திரும்பியே பாக்க மாட்டாம்லா" என்றாள்.

"கவுருமெண்டே திரும்பிப் பாக்காதே" என்றாள் மிக்கேலம்மாள்.

எல்லாம் நன்றாகத்தான் முடிந்திருக்கும். கடைசியில் இயக்குநர் பிள்ளையை உயரத் தூக்கி, ஒலிபெருக்கியில், ஊர் முழுக்கக் கேட்கும்படி, "எவ்வளவு அழகான குழந்தை!" என்றார். உலகம்மாள் சட்டென்று தரையில் மூன்று தடவை துப்பினாள்.

துப்பியது போதவில்லை. கொஞ்ச நாளில், உச்சிவெயிலில், குப்பு கக்க ஆரம்பித்தாள். பிறகு பேதி. தவழ்கிற பிள்ளை, குழாயடியில் தேங்கிய தண்ணீரை எப்போது நக்கியதோ. பல்லி உடனே பாதுகாவலரைக் கூப்பிட்டது. துறையின் உதவி எண்ணில் வீணை இசை கேட்டது. "எங்கள் அலுவலர்கள் அனைவரும் வேறு குழந்தைகளின் சேவையில் இருக்கிறார்கள். உங்கள் குழந்தை எங்களுக்கு முக்கியம்" என்றது ஒரு பெண்குரல். பல்லி அதை வீட்டுக்குள் உரக்க ஒலிபரப்பியது.

அதைக் கேட்டு முடிக்க உலகம்மாள் அங்கே இல்லை. மிக்கேலம்மாளின் மீன் வண்டியில், ஐஸ்பெட்டிகளுக்கு நடுவே, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வழி முழுக்கத் திட்டினாள். "கண்ண முழிட்டி மூதி. முழிச்சிப் பாரு. இது எம்பிள்ள இல்ல, கேட்டியா? இது யாரோ பெத்தது. எம்பிள்ள இல்ல, எம்பிள்ள இல்ல..."

குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இயக்குநரின் கண்தான் பட்டது என்றாள் உலகம்மாள். குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர். ஒருவர் பேச்சை ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பேரும் கை நீட்டியது ஒரே திசையில்தான்.

அடுத்த வாரம் வீட்டு வாசலில் பரிவு இல்லத்தின் வண்டி நின்றது. துறையின் பிள்ளை, 'அருகில் உள்ள பெரியவர்' ஒருவரிடம் இருந்தபோது நோயுற்றிருக்கிறது. ஆகவே துறை தன் பிள்ளையைத் தன்னுடனேயே வைத்துக்கொள்ளும். வண்டியிலிருந்து தமயந்தி தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள்.

உலகம்மாள் குப்புவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, அந்தத் தவிட்டுப் பையை இழுத்துவந்து வாசலில் போட்டாள். "ஒரு பிடிகூட எடுக்கல. அப்படியே இருக்கு. கொண்டுட்டுப் போங்க. எம்பிள்ளயத் தந்துருங்க."

குப்புவைப் பற்றி அவள் வாயில் "எம்பிள்ள" என்பது "இல்ல" சேராமல் வந்தது அன்றுதான். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"திருப்பி வாங்கறதுக்குக் கையேட்டில் வழி இல்லைங்க" என்றாள் தமயந்தி. "வாங்கறது மட்டும்தான் சேத்தோம். கொடுக்கறதை யாரும் எழுதலை. நானும்தான்."

மிக்கேலம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "ஏம்மா, தவிட்டுக்கு வாங்கினவ பிள்ளயத் தூக்கிட்டுப் போன கதய எங்கயாச்சும் கேட்டிருக்கியளா? நாங்க எமன ஏமாத்துததுக்குல்லா வித்தோம். நீங்க எமனுக்கு மேல இருக்கியள."

இல்லத்துப் பணியாளர்கள் இரண்டு பேர் பிள்ளைக்காகக் கையை நீட்டினார்கள். மாடக்கண்ணு வாசலை மறித்து நின்றான். அப்போதுதான் சுவரில் இருந்து 'ச்ச்' என்று சத்தம் வந்தது.

"முதன்மைப் பாதுகாவலரின் அக்கறை எண்: பூஜ்யம்" என்றது பல்லி, செய்தி வாசிப்பது போல. "குழந்தை அழைத்தபோது பாதுகாவலர் வரவில்லை. ஒருமுறைகூடத் தூக்கவில்லை. நோயின்போது உடன் இல்லை. குடிநீர் பாதுகாப்பாக இல்லை. இந்தப் பாதுகாவலரிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டாம்."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

"அருகில் உள்ள பெரியவர்களில் அதிக எண் பெற்றவர்: உலகம்மாள். எண்: தொண்ணூற்றெட்டு. குழந்தை இவரிடமே இருக்கட்டும். பாதுகாவலர் பன்னிரண்டு பெற்றோர் வகுப்புகளுக்கு வர வேண்டும்."

"தொண்ணூத்தெட்டா!" என்றான் மாடக்கண்ணு. "ஏட்டி, நீ அப்பவும் திட்டத்தான செஞ்ச?"

கிளாட்சன் வந்து பார்த்துவிட்டு விளக்கினான். பனிநாட்டு விதிப்படி பெற்றோருக்குத்தான் பாராட்டு கட்டாயம். அக்கம்பக்கத்தவர் என்றால் ஓடி வந்தார்களா, தூக்கினார்களா என்பது மட்டும்தான் கணக்கு. "அந்த ஊர்ல அடுத்த வீட்டுக்காரன் பிள்ளயக் கொஞ்சினா போலீசுக்குச் சொல்லிருவாவளாம்."

தமயந்தியின் போனில் இயக்குநர் கத்தினார். "அதை ஆஃப் பண்ணச் சொல்லுங்க!"

"முடியாது சார்" என்றான் கிளாட்சன், போனுக்கு அருகில் வாயை வைத்து. "நிப்பாட்டணும்னா பனிநாட்டுக்கு எழுதிக் கேக்கணும். மூலத்துக்கு விசுவாசமா இருக்கணும்லா."

வண்டி காலியாகத் திரும்பியது. தமயந்தி அதில் ஏறவில்லை. உலகம்மாளின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டாள். உலகம்மாள் காய்ச்சியதைக் கொடுத்தாள்.

பிறகு துறை வகுப்புக்கு வந்தது. இயக்குநர் முதல் உதவி இயக்குநர்கள் வரை, சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கூடத்துச் சுவரில் ஒட்டிய பல்லிக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்து, தாளைப் பார்த்து "நீ எங்கள் வீட்டின் ஒளி" என்று வாசித்தார்கள். குப்புவை ஆளுக்குக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தார்கள். அவளும் தன்னால் ஆனதை அவர்கள் வேட்டியிலும் பேண்டிலும் தவறாமல் செய்துவைத்தாள். வாசலில் மிக்கேலம்மாள் ஒருத்தியே நூறு பேருக்குச் சமமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுப் பாதுகாப்பு வகுப்பில்தான் சிக்கல் வந்தது. குழந்தையின் வீட்டில் குடிநீர் சுத்தமாக இல்லாவிட்டால் பாதுகாவலர் தேறமாட்டார். ஒரு வீட்டுக் குழாயை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள், புகையை மோந்த பல்லி தண்ணீரையும் மோந்துவிட்டு ஒப்புக்கொள்ளவில்லை. தெருக்குழாயை மாற்றினார்கள், அதற்கும் 'ச்ச்' என்றது. கடைசியில் சாக்கடையைத் தள்ளிவைத்து, குடியிருப்பு முழுக்கப் புதுக்குழாய் போட்டார்கள். பல வருடம் மனுக் கொடுத்து நடக்காத வேலை, துறை ஒரு தவழும் பிள்ளைக்குத் தகப்பனானதும் நடந்துவிட்டது.

இதைப் பார்த்த பெண்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த ஊர்களில் இருந்தெல்லாம் பிள்ளையும் கையுமாக வந்து துறையின் அலுவலக வாசலில் நின்றார்கள். தவிடுகூட வேண்டாம், சும்மாவே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இனி எந்தக் காரணத்துக்காகவும் துறை குழந்தைகளை வாங்காது என்று அவசரமாகச் சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கையை எல்லாருக்கும் அனுப்பினார்கள். பல்லிக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கும் பனிநாட்டுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

ஷெட்டுக்கு லீவு விட்டிருந்த ஒரு பகலில், உலகம்மாள் குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சொம்பின் அடியில் இருந்த நசுங்கல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாய் இறங்கவில்லை.

முதல் இரண்டையும் யாருக்கும் விற்கவில்லை. என் பிள்ளை, என் பிள்ளை என்று தானே வைத்துக்கொண்டாள். தன் பெயரையே பாதுகாவலராகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளிடம் மாற்றிப் போட ஒரு குழாய் இருந்ததா, திறந்து வைக்க ஓர் ஆஸ்பத்திரி இருந்ததா?

சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குப்பு தரையில் தவிட்டுப் பையின் மயிலைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ பல்லி, இன்னும் பிள்ளையச் சேக்கணும்."

"வணக்கம். குழந்தையின் பெயர்?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பல்லி பொறுமையாகத் திரும்பக் கேட்டது.

"பொன்னழகி" என்றாள் உலகம்மாள். பிறகு, அது போதாது போலச் சற்று உரக்க, "மகராசன். ரெண்டு பேரு" என்றாள்.

"முதன்மைப் பாதுகாவலரின் பெயர்?"

துறையின் முழுப்பெயரையும், ஓர் எழுத்து விடாமல், விழாப் பந்தலில் எழுதியிருந்தபடியே சொன்னாள்.

"பதிவு செய்யப்பட்டது. ச்ச்."

அவள் போய்த் துணி துவைக்க உட்கார்ந்தாள். பல்லி கேட்டுக்கொண்டிருந்தது. குழாய்ச் சத்தம் கேட்டது. குப்புவின் சத்தம் கேட்டது. மற்ற இருவரின் சத்தம் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் பொறுத்துவிட்டு, "குழந்தைகளின் சத்தம் கேட்கவில்லை. பாதுகாவலரை அழைக்கிறேன்" என்றது.

எங்கோ தூரத்து அலுவலகத்தில் போன் அடித்தது. யாரோ எடுத்துக் கேட்டுவிட்டு, ராங் நம்பர் என்று வைத்தார்கள். மறுபடி அடித்தது. பாதுகாவலர் வந்து பிள்ளைகளைத் தூக்கும்வரை அது விடாது. மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது.